மனநலக் களப்பணி என்றால் அட்வைஸ் பண்ணுவதா?

எந்த வீட்டுக்குப் போய்விட்டு வெளியே வந்தாலும் பக்கத்து வீட்டு வாசலில் யாராவது ஒருவர் காத்திருப்பார். "என்ன மேடம், அவனுக்கு நல்லா புத்தி சொல்லிட்டு வந்தீங்களா?" ஆரம்பத்தில் நின்று விளக்கம் சொல்லப் பார்த்தேன். இப்போதெல்லாம் சிரித்துவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறேன். அங்கே சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மனநலத்தில் வேலை பார்க்கும் சமூகப் பணியாளர் என்றதும் ஆளுக்கொரு படம் வைத்திருக்கிறார்கள். கவுன்சலிங் என்ற பெயரில் தைரியம் சொல்பவர் என்பது சிலருக்கு. ரோட்டில் திரிபவர்களை வண்டியில் ஏற்றிப் போகிறவர் என்பது வேறு சிலருக்கு. மிச்சப் பேருக்கு, டாக்டரின் எடுபிடி. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடமும் இதே மூன்று படங்கள்தான் இருக்கின்றன. அதனால்தான் முதல் ஆறு மாதத்தில் சோர்ந்துபோகிறார்கள்.

பெங்களூரில் இருக்கும் மத்திய அரசின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. நோயைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையில் இல்லை. டாக்டர் பற்றாக்குறை ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டும் இல்லை. டாக்டர் உட்கார்ந்திருக்கும் தாலுகா ஆஸ்பத்திரிக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் பஸ் செலவு, ஒரு நாள் கூலி, 'பைத்தியம்' என்கிற சொல், சொந்தக்காரர்களின் வாய், ஏற்கெனவே மந்திரித்ததற்கு ஆன கடன் என்று என்னென்னவோ கிடக்கின்றன. எங்கள் வேலை அந்த நடுவில்தான்.

முதலில் ஓர் ஏரி

ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்புவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஏரி உடைந்தால் காரணம் மழை மட்டுமா? அதே மழைக்குப் பக்கத்து ஊர் ஏரி உடையவில்லையே. கரையின் உயரம், மண்ணின் உறுதி, எத்தனை வாய்க்காலிலிருந்து தண்ணீர் வந்து விழுகிறது, மதகு திறந்ததா, துருப்பிடித்து அடைத்துக்கொண்டதா, இவ்வளவும் சேர்ந்துதான் உடைப்பு.

மனமும் ஏறக்குறைய அப்படித்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு கரை உண்டு. பரம்பரை, மூளையின் வேதியியல், சின்ன வயதில் பட்ட அடிகள் எல்லாம் சேர்ந்து அதன் உயரத்தைத் தீர்மானிக்கின்றன. கரை தாழ்வாக இருப்பதைப் 'பாதிப்புக்கு ஆளாகும் தன்மை' என்பார்கள். கரைக்குள் வந்து விழும் தண்ணீர்தான் அழுத்தம்: கடன், சாவு, பிரிவு, வேலை போனது, தூக்கம் கெட்டது, குடி. நல்ல தூக்கம், மனம்விட்டுப் பேச ஓர் ஆள், கைக்கு ஒரு வேலை, இவையெல்லாம் மதகுகள். மருந்து பெரும்பாலும் கரையை உயர்த்துகிறது. தண்ணீர் வரத்தை அது குறைப்பதில்லை. கடன்காரன் மாத்திரைக்கு அடங்குவானா?

இதிலிருந்து முதல் தவறு தெரிந்துவிடும். "தைரியமா இரு", "மனசைத் தளர விடாதே" என்பதெல்லாம் நிரம்பி வழியும் ஏரியைப் பார்த்து "வழியாதே" என்று சொல்வது மாதிரி. சொன்னவருக்குத் திருப்தி. ஏரிக்கு ஒன்றும் ஆகாது.

பாசன ஏரிகளில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். மழையை நிறுத்த அவரால் முடியாது. கரையைக் கட்டியவரும் அவர் இல்லை. கரைமேல் நடந்து நீர்மட்டத்தைப் பார்ப்பார், எங்கே கசிகிறது என்று பார்ப்பார், மதகைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறப்பார். களப்பணியாளரின் வேலையும் இதுதான். ஒரே ஒரு வித்தியாசம். ஏரி பேசாது, மனிதர் பேசுவார். தன் மதகு எங்கே இருக்கிறது என்று பல நேரம் அவருக்குத்தான் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இதுவரை சொன்னது: கரை, வரத்து, மதகு மூன்றும் சேர்ந்துதான் நோய். கரையை டாக்டர் பார்க்கிறார். வரத்தைக் குறைப்பதும் மதகைத் திறந்து வைப்பதும் வீட்டிலும் ஊரிலும் நடக்க வேண்டியவை. களப்பணியாளர் இருப்பது அதற்கு.

கதவு திறந்தால்தானே

முதல் வருடம் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். ஆள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இருபத்துநாலு வயதுப் பையன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவன், தீபாவளிக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. அறைக்குள்ளேயே கிடந்தான். அவனுக்கு வந்திருந்தது மனச்சிதைவு நோய். எண்ணம், உணர்வு, புலன் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும் நோய் அது. இல்லாத குரல் காதில் விழும், யாரோ தனக்கு எதிராகச் சதி செய்வதாக அசைக்க முடியாத நம்பிக்கை வரும். ஒரே ஆள் இரண்டு ஆளாக மாறிமாறி நடப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தால், அது சினிமாக்காரர்கள் சொன்ன கதை, மறந்துவிடுங்கள்.

இரண்டாவது தடவை போனபோது அவனாகவே வாய் திறந்தான். "அக்கா, பின்னாடி வீட்டுக்காரங்க ராத்திரி பூரா என்னைப் பத்தியே பேசுறாங்க."

நான் சொன்னேன்: "அப்படியெல்லாம் யாரும் பேசல தம்பி. அது உன் நோய். மனசுல போட்டுக்காத."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனான். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அப்புறம் மூன்று மாதம் என் எதிரில் வரவே இல்லை.

நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் என் குரல் அவன் காதில் எவ்வளவு தெளிவாக விழுகிறதோ, அதே தெளிவோடுதான் அந்தக் குரலும் விழுகிறது. இரண்டில் ஒன்று பொய் என்று நான் சொன்னால், அவன் எதை விடுவான்? என்னைத்தான். அதற்காக "ஆமா, அவங்க அப்படித்தான்" என்று ஒத்து ஊதவும் கூடாது, அது சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றுவது. வாதாடாமலும் ஆமோதிக்காமலும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. "ராத்திரி பூராவா? அப்ப தூங்கவே முடியாதே தம்பி." குரல் உண்மையா என்ற வழக்குக்குள்ளேயே போகாமல், அவன் படும் பாட்டைப் பிடித்துக்கொள்வது. தூங்க முடியவில்லை என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. "தூக்கத்துக்கு டாக்டரைக் கேட்போமா?" என்று அங்கிருந்துதான் போக முடியும்.

அந்த மூன்று மாதமும் வாரம் ஒரு முறை போனேன். திண்ணையில் அவன் அம்மாவோடு உட்கார்ந்து ஆட்டைப் பற்றிப் பேசுவேன். இரண்டு வெள்ளாடு, ஒரு குட்டி. குட்டிக்குக் கழிச்சல் கண்டிருந்த ஒரு நாள், நான் ஏதோ தெரிந்த மாதிரி வைத்தியம் சொல்லப்போக, ஜன்னலுக்குப் பின்னாலிருந்து "அது இல்லக்கா" என்று குரல் வந்தது. ஆட்டைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததில் காலணா அளவுகூட எனக்குத் தெரியாது. அன்றைக்குப் புறப்படும்போது வெளியே வந்து ஒரு சொம்பு தண்ணீர் நீட்டினான்.

காதுகொடுத்துக் கேட்பது என்பதைப் பயிற்சி வகுப்பில் அரை நாளில் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அது வர மூன்று மாதமும் ஒரு ஆட்டுக்குட்டியும் தேவைப்பட்டன.

மாத்திரையை ஏன் விட்டுவிடுகிறார்கள்

ஊரில் மனநல மாத்திரை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், தூக்க மாத்திரை. பெயரே பாதிக் கெடுதலைச் செய்துவிடுகிறது. "எவ்வளவு நாளைக்குத் தூங்க வெச்சுக்கிட்டே இருப்பாங்க?" என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்வி மாதிரியே இருக்கிறது. மாத்திரைகளில் சிலது தூக்கம் வரவைக்கும், உண்மைதான். ஆனால் மனச்சிதைவுக்கான மருந்தின் வேலை குரலையும் சந்தேகத்தையும் தணிப்பது. மனச்சோர்வுக்கான மருந்து பலன் காட்டவே பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பத்தாவது நாள் அட்டை குப்பைக்குப் போகும்.

இன்னொரு பொறி இருக்கிறது. சாப்பாட்டை விட்டால் அன்றைக்கே பசிக்கும். இந்த மாத்திரையை விட்டால் பல பேருக்கு உடனே ஒன்றும் தெரியாது. வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் நன்றாகத்தான் இருப்பார்கள். "பாத்தியா, இல்லாமலே நல்லாத்தானே இருக்கான்" என்று வீடே சொல்லும். அப்புறம் நோய் திரும்பும்போது, எப்போதோ நிறுத்திய மாத்திரையோடு அதை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அமாவாசையோடு சேர்த்துப் பார்ப்பார்கள்.

அதனால் "மாத்திரை சாப்பிட்டியா?" என்று போலீஸ் மாதிரி கேட்பதை நான் விட்டுவிட்டேன். "சாப்பிட்டா என்ன பண்ணுது?" என்று கேட்பேன். கை நடுக்கம், உடம்பு இறுக்கம், எச்சில் ஒழுகுதல், எடை கூடுதல், காலையில் எழ முடியாமை, சிலருக்குப் படுக்கையில் சங்கடம். கடைசியில் சொன்னதைப் பெண் பணியாளரிடம் ஆண்கள் சொல்லவே மாட்டார்கள், கூட வரும் ஆண் பணியாளரிடம்தான் சொல்வார்கள். இதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டாக்டரிடம் கொண்டுபோவது நம் வேலை. "அந்த மாத்திரையை வேணா விட்டுடு" என்று நாமே சொல்வது நம் வேலை இல்லை, எவ்வளவு அனுபவம் இருந்தாலும்.

அந்தப் பையன் விஷயத்தில், அவன் அம்மா மாத்திரையைப் பொடித்து ரசத்தில் கலந்துகொண்டிருந்தார். பாசம்தான், வேறென்ன. ஆனால் தன்னை யாரோ ஒழிக்கப் பார்க்கிறார்கள் என்று நம்புகிறவன், ஒரு நாள் ரசத்தின் அடியில் வெள்ளையாக எதையோ பார்த்தால்? பார்த்தான். அதற்குப் பிறகு வீட்டுச் சாப்பாட்டையே தொடவில்லை. டாக்டரிடம் இதை உடைத்துச் சொன்னபோது காலை மாத்திரையை இரவுக்கு மாற்றிக் கொடுத்தார். பகல் மயக்கம் குறைந்தது. அட்டையை அவன் கையிலேயே கொடுத்தோம்.

வீட்டின் சூடு

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் 1950களில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். மருத்துவமனையிலிருந்து தேறிப்போன மனச்சிதைவு நோயாளிகளில், பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியது. தனியாக வாடகை அறையில் தங்கியவர்களுக்குக் குறைவு. பாசம் அதிகம் இருக்கும் இடத்தில் ஏன் இப்படி?

தோண்டிப் பார்த்ததில் மூன்று விஷயங்கள் கிடைத்தன. ஓயாத குறை சொல்லல், வெறுப்பு, அளவுக்கு மீறிய ஒட்டுதல். இவை மூன்றும் சேர்ந்ததை 'வெளிப்படுத்தப்பட்ட உணர்ச்சி' என்று பாடத்தில் மொழிபெயர்க்கிறார்கள். நான் வீட்டுச் சூடு என்கிறேன். சூடு அதிகமான வீட்டில், நோயாளி நாளெல்லாம் அதே சூட்டில் இருந்தால், நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. பிற்பாடு சண்டிகரில் இதேபோல் அளந்தபோது, லண்டனைவிடக் குறைவான வீடுகளில்தான் இந்தச் சூடு இருந்தது. நம் வீடுகளைப் பற்றி ரொம்பப் பெருமைப்படவும் வேண்டாம், ரொம்பத் திட்டவும் வேண்டாம்.

முதல் இரண்டும் எல்லோருக்கும் புரியும். "தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குறான்", "உன்னால தங்கச்சி கல்யாணம் நிக்குது". மூன்றாவதுதான் பிடிபடாது. முப்பது வயது மகனுக்குச் சோறு பிசைந்து ஊட்டுவது, குளிக்கும்போது கதவுக்கு வெளியே நிற்பது, "என் உசுரே உன்மேலதான் இருக்கு" என்று அழுவது. இதுவும் ஏரிக்குள் வந்து விழும் தண்ணீர்தான்.

இதைச் சொல்லும்போது ரொம்பக் கவனம் வேண்டும். "உங்களாலதான் அவனுக்கு இப்படி" என்று அந்தத் தாய் காதில் விழுந்தால் அத்தோடு எல்லாம் முடிந்தது. நோயை வீடு உண்டாக்கவில்லை. அவன் எழாமல் கிடப்பது சோம்பல் இல்லை, ஆர்வமும் முனைப்பும் வற்றிப்போவது அந்த நோயின் ஒரு பகுதி என்று விளக்கினாலே பாதிக் குறை சொல்லல் தானாக நின்றுவிடும். அப்புறம் அந்த அம்மாவுக்கும் ஒரு மதகு வேண்டும். வாரத்தில் ஒரு சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வரச் சொல்வேன். அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் இரண்டு பேருக்குமே நல்லது.

இதுவரை சொன்னது: வாதாடாமல் கேட்டால் கதவு திறக்கும், பக்கவிளைவைக் கேட்டால் மாத்திரை நிலைக்கும், யார்மேலும் பழி போடாமல் பேசினால் வீட்டின் சூடு குறையும். அறிவுரை என்ற ஒன்று இன்னும் வரவே இல்லை, கவனித்தீர்களா?

கசிவைப் பார்ப்பது

கரை திடீரென்று உடைவதில்லை, முதலில் கசியும். ஒவ்வொருவருக்கும் கசிவு ஓர் இடத்தில். ஒருவர் குளிப்பதை நிறுத்துவார். ஒருவர் நள்ளிரவில் பாத்திரம் விளக்குவார். நோய் திரும்பும் முன் வரும் இவற்றை முன்னறிகுறிகள் என்பார்கள். நன்றாக இருக்கும் காலத்திலேயே அவரோடும் வீட்டோடும் உட்கார்ந்து, "போன தடவை முதல்ல என்ன ஆச்சு?" என்று கேட்டு இரண்டு மூன்றை எழுதி வைத்துக்கொள்வேன். நம் பையனுக்கு அது செல்போன். குரல் கூடும்போது முதலில் சிம் கார்டைக் கழற்றிவிடுவான். போன் போகவில்லை என்றால் மறுநாளே வண்டியை எடுத்துவிடுவேன்.

இப்படி வீடு தேடிப் போவதால் பலன் உண்டா என்று தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தில் மனச்சிதைவு நோயாளிகள் 282 பேரை வைத்து ஆய்வே நடந்திருக்கிறது. 2014இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. மருத்துவமனையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களின் துணையும் கிடைத்தவர்கள், மருத்துவமனைக்கு மட்டும் போனவர்களைவிட ஓரளவு மேலாக இருந்தார்கள். அதிசயம் எதுவும் இல்லை, ஓரளவுதான். ஆனால் அந்த ஓரளவு ஒருவரைத் திரும்ப வேலைக்கு அனுப்பப் போதுமானதாக இருக்கலாம்.

எல்லோரும் பயப்படும் கேள்வி

"செத்துடலாம்னு தோணுதா?" இதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பழைய பணியாளர்களுக்கும் இருக்கிறது. அப்படி ஆகாது. கேட்பது பல பேருக்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது, ஒருவராவது நேராகக் கேட்டாரே என்று. சுற்றி வளைக்காமல், அதிர்ச்சி காட்டாமல், சத்தியம் வாங்காமல் கேட்க வேண்டும். ஆமாம் என்றால் தனியே விடக் கூடாது. வீட்டில் ஒருவரை உடன் இருக்கச் சொல்லி, அன்றைக்கே டாக்டரிடம் சேர்க்க வேண்டும். வயலுக்கு வாங்கிய மருந்து வீட்டில் இருந்தால் அன்றே வெளியேற வேண்டும். சாக வேண்டும் என்ற அந்த வேகம் பல நேரம் சிறிது நேரத்துக்குத்தான் இருக்கும். அந்த நேரம் கைக்கு எதுவும் எட்டாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றும். இரவோ பகலோ 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) தமிழிலேயே பேசலாம், தமிழ்நாட்டில் 104 எண்ணும் உண்டு.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்திருக்கிறேன், பிறகு அதை மீற வேண்டி வந்தது. "உன் உசுருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன், மத்தது என்னோட இருக்கும்" என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

சங்கிலி

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது.

ஆனால் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், சங்கிலி மாட்டுக்கொட்டகையிலிருந்து பின்கட்டுக்குப் போகும், அவ்வளவுதான். கட்டியவர்கள் பெரும்பாலும் கொடுமைக்காரர்கள் இல்லை. வேலைக்குப் போக வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, போன தடவை அவர் பைபாஸ் ரோட்டில் போய் நின்றார். "காலையில எட்டு மணிக்கு நீங்க வேலைக்குப் போனா யாரு பாத்துக்கறது?" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கிற அன்றைக்குத்தான் சங்கிலி அவிழும். கோயில், தர்கா விஷயமும் இப்படித்தான். விபூதி வேண்டாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. விபூதியும் வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரையும் சாப்பிடுங்கள். அடிப்பது, பட்டினி போடுவது என்று வந்தால் மட்டும் குறுக்கே நிற்பேன்.

குணம் என்பது எது

"எப்ப குணமாகும்?" என்று கேட்பார்கள். காய்ச்சல் மாதிரி விட்டுப்போவதை மட்டும் குணம் என்று வைத்தால் நிறையப் பேர் ஏமாந்துபோவார்கள். நோயின் மிச்சம் இருந்தாலும் ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே நடத்துவதை மீட்சி என்கிறோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மனநோயும் 21 மாற்றுத்திறன் வகைகளில் ஒன்று. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் கிடைத்தால் சில உதவிகளுக்கு வழி உண்டு. அந்தச் சான்றிதழுக்கு அலைவதும் நம் வேலைதான், அதில் செலவாகும் செருப்பைப் பற்றி இன்னொரு நாள் எழுதலாம்.

பையனுக்குக் குரல் முழுசாகப் போகவில்லை. "வருதுக்கா. வந்தா ரேடியோவைப் போட்டுக்கிட்டு ஆட்டை ஓட்டிட்டுப் போயிடுவேன்" என்கிறான். ஆடு இப்போது ஏழு. வரும் செவ்வாய்க்கிழமை ஓ.பி. நாள். அம்மாவுக்கு முழங்கால் வலி, இந்தத் தடவை தனியாகப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். பஸ் காலை 7.40க்கு. சீட்டை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள் என்று சொன்னேன்.